மூன்று தட்டினால் வா

எங்கள் வீட்டில் மூன்று பேருக்குப் பேய்தான் சோறு போட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஊரில் எத்தனையோ பேர் சொல்லாமல் ஏமாற்றிப் பிழைக்கிறார்கள். நாங்கள் சீட்டுக் கிழித்துக் கொடுத்து, நேரம் சொல்லி, வரிசையில் நிற்க வைத்து ஏமாற்றினோம்.

தம்பி பெண்டாட்டி கதை சொல்வாள். தம்பி தட்டுவான். நான் கத்துவேன்.

தினமும் மாலை ஆறரைக்குப் பழைய சுங்கக் கட்டிடத்துக்கு எதிரே, தண்ணீர் வராத நீரூற்றுக்குப் பக்கத்தில் கூட்டம் சேரும். இருபது பேர், சில நாள் முப்பது. தம்பி பெண்டாட்டி கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, இரும்புக் கம்பில் லாந்தரைத் தொங்கவிட்டு, முன்னால் நடப்பாள். அந்தப் பேட்டை முழுக்க அவளுக்கு லாந்தர்க்காரி என்றே பெயர். பழைய தெருக்களில் ஒன்றேகால் மணி நேரம் பேய்க் கதை சொல்லிக்கொண்டு போவாள். நான் கைப்பையும் சீட்டுமாகக் கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசியில் நடப்பேன். எனக்கும் அவளுக்கும் அறிமுகமே கிடையாது. அதுதான் எங்கள் சட்டம். இரண்டாவது நிறுத்தத்தில், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும் என்கிற சந்தில், அவள் குரலைத் தாழ்த்தி லாந்தரையும் தாழ்த்துவாள். அப்போது நான் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்துவேன். இருபது பேரும் துள்ளி விழுவார்கள். "மன்னிச்சுக்கங்க, யாரோ தோளைத் தொட்ட மாதிரி இருந்துச்சு" என்பேன். அதற்கப்புறம் வழி நெடுக எல்லோரும் தங்கள் தோளைத் தாங்களே தொட்டுப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த அரள வைக்கிற வேலை என்னுடையது.

இந்தத் தொழிலை ஆரம்பித்தவன் என் தம்பி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், அவன் வாயால்தான் பிழைத்தான். அப்படி ஒரு குரல். கடைக்குப் போய் உப்புக் கேட்டால்கூட நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவனுக்கு வாய்த்தவளோ ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். அவள் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே "என்னம்மா சொன்னே?" என்று இரண்டு தடவை கேட்க வேண்டும். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊமைச்சியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டானே என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்கே திரும்பி வந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தம்பிக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்துக் குழியில் ஒரு ஓட்டை போட்டார்கள். இனி மூச்சு அதன் வழியாகத்தான். மூக்கும் வாயும் முகத்துக்கு அழகாக இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற மாதிரி ஆகிவிட்டது. அந்த ஓட்டைக்கு முன்னால் எப்போதும் ஒரு மெல்லிய துணி தொங்க வேண்டும். தூசி போகக் கூடாது, தண்ணீர் போகக் கூடாது. சளி அடைத்தால் சின்ன ரப்பர்ப் பந்தை அழுத்தி உறிஞ்சி எடுக்க வேண்டும். அதெல்லாம் அவள்தான் செய்தாள். நான் பக்கத்தில் நின்று பார்க்கப் பயந்துகொண்டு சமையல்கட்டுக்குப் போய்விடுவேன்.

ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஒரு நாள் மேஜையில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு பாஷை பிறந்தது. ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை, வேண்டாம். மூன்று என்றால் வா. மற்றதெல்லாம் சிலேட்டில் எழுதுவான்.

அதற்கப்புறம்தான் அவள் லாந்தரைக் கையில் எடுத்தாள். கதைகளெல்லாம் அவன் நோட்டில் இருந்தன. அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவள் எதிரே நின்று சொல்லிப் பார்ப்பாள். தப்பு வந்தால் இரண்டு தட்டு. முதல் வாரம் வீடே சுத்தியல் பட்டறையாக இருந்தது. போகப் போகக் குறைந்தது. ஒரு நாள் முழுக் கதையையும் சொல்லி முடித்தாள், தட்டே விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவன் அழுதுகொண்டிருந்தான். அப்போதுதான் அவள் சொன்னாள்: "நீங்களும் வாங்க. பேச வேணாம், தட்டுங்க போதும்."

கடைசி நிறுத்தம் கயிற்றுக் கிடங்கு. கப்பல்களுக்குக் கயிறு விற்ற காலத்தில் கட்டியது. பிறகு சும்மா கிடந்தது. தெருவைப் பார்த்து ஓர் ஆள் உயரத்துக்கு மேல் பெரிய மரக்கதவு. அங்கே சொல்லும் கதை இதுதான். கிடங்கில் ஒரு கணக்குப்பிள்ளை. உள்ளே அவன் கயிறு எண்ணிக்கொண்டிருப்பது தெரியாமல் முதலாளி பூட்டிவிட்டுக் கப்பலேறிப் போய்விடுகிறான். பெண்டாட்டி தேடி வருகிறாள். உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்கிறது. "கதவைத் திறங்க! உள்ள என் வீட்டுக்காரர் இருக்கார்!" என்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கதறுகிறாள். பைத்தியம் என்று எல்லோரும் விலகிப் போகிறார்கள். நாலாம் நாள் திறக்கிறபோது முடிந்துவிட்டது. இது என் தம்பி ஒரு மழை நாளில் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து சொந்தமாகக் கட்டிய கதை. கணக்குப்பிள்ளையும் கிடையாது, பெண்டாட்டியும் கிடையாது.

கதை முடிந்ததும் லாந்தர்க்காரி கதவருகே போய், "உள்ள இருக்கீங்களா?" என்று கேட்பாள். மூன்று தட்டு விழும். ஜனங்களுக்கு உடம்பு சிலிர்க்கும். எனக்கு மட்டும் சிரிப்பு வரும். ஊரறிய, கூட்டத்தின் நடுவே, அவன் தினமும் பெண்டாட்டியை 'வா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான், யாருக்கும் தெரியவில்லை.

பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய இரும்புக் கடையில் அவளே தேடிப் பிடித்து வாங்கிய தேங்காயளவு பூட்டு. அவளுக்குச் சுத்தப் பொய் வாயில் வராது. கொஞ்சமாவது நிஜம் கலக்க வேண்டும். "இந்தப் பூட்டுக்கு சாவியே கிடையாது" என்று கதையில் ஒரு வரி வரும். அதற்காகப் பூட்டை மாட்டிய அன்றைக்கே சாவியைக் கால்வாயில் எறிந்துவிட்டாள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். தம்பி பின் சந்து வழியாக, சின்னக் கதவில் நுழைவான். ஒரு தடவை இரண்டு இளவட்டங்கள் பின்பக்கம் சுற்றிப் போய், அவன் கையில் மரச்சுத்தியலோடு உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கதவையும் உள்ளே தாழ் போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். ஆக, முன்னால் சாவியில்லாத பூட்டு, பின்னால் தாழ்ப்பாள். மூன்று பேரும் சேர்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு.

அது நடந்த வாரம் முழுக்க மழை. அன்று மத்தியானம் தம்பி சிலேட்டில் எழுதிக் காட்டினான்: "கிடங்குல மேலே காரை உதிருது." அவள் சந்தை வரைக்கும் போயிருந்தாள். நான்தான் படித்தேன். "பழைய கட்டிடம்னா உதிரத்தான் செய்யும். துணிய ரெட்டையா மடிச்சுக் கட்டிக்க" என்றேன். அவள் வந்ததும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று இருபத்திரண்டு பேர். அதில் ஒருவர் எனக்கு முதல் நிறுத்தத்திலேயே எரிச்சலைக் கிளப்பினார். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், பெண்டாட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். படி கிறீச்சிட்டால் "டூப்பு" என்கிறார். ஜன்னல் ஆடினால் "டூப்பு" என்கிறார். சந்தில் நான் உயிரைக் கொடுத்துக் கத்தினேன்; "இந்தம்மாவும் அவங்க ஆளுதான்" என்று பெண்டாட்டியிடம் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அந்தச் சந்திலேயே புதைத்திருப்பேன். கிடங்குக் கதவுக்கு முன்னால் நின்றதும் சத்தமாகவே ஆரம்பித்தார்.

"உள்ள ஆள உக்கார வெச்சிருக்காங்க. சுத்தியல எடுத்துத் தட்டுவான், பாரு."

"வந்த எடத்துல சும்மா இருங்களேன்" என்றாள் அவர் மனைவி.

லாந்தர்க்காரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "நம்பிக்கை இல்லாதவங்க தள்ளி நிக்கலாம்" என்றாள். பிறகு கதையைச் சொன்னாள். அன்று நன்றாகவே சொன்னாள். முடித்துவிட்டுக் கதவருகே போய்க் கேட்டாள்.

"உள்ள இருக்கீங்களா?"

தட்டு விழவில்லை. உள்ளே மூட்டை விழுந்ததுபோல் ஒரு சத்தம், கூடவே மரம் முறிகிற சத்தம். கதவின் அடியிலிருந்து வெள்ளைப் புழுதி வெளியே வந்து எங்கள் செருப்பை மூடியது. கூட்டம் "ஓ!" என்றது. "போன தடவை வந்தப்ப இது இல்லையே, புதுசா போட்டிருக்காங்க" என்றது ஒரு குரல்.

அப்புறம் தட்டு கேட்டது. இரண்டு.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் நடை நடக்கிற நேரத்தில் அவள் என்னைப் பார்த்ததே இல்லை. 

"என்னங்க?" என்றாள் கதவிடம். கதையில் இல்லாத வார்த்தை.

மறுபடியும் இரண்டு. முன்னைவிட மெதுவாக.

அவளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் அந்தப் புழுதியின் அர்த்தம் புரிந்தது. காரைத் தூசி. கழுத்தில் ஓட்டை. அவனால் கூப்பிட முடியாது, மூக்கால் மூச்சு விட முடியாது. அடைத்துக்கொண்டால் நிமிஷக் கணக்குதான்.

அவள் பூட்டைப் பிடித்து இழுத்தாள். கதவில் மோதினாள். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்: "கதவைத் திறங்க! உள்ள என் வீட்டுக்காரர் இருக்கார்!"

கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கெட்டவர்கள் யாரும் இல்லை. அவள் ஐந்து நிமிஷம் முன்னால் கதையில் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். என்ன அழகாக நடிக்கிறாள் என்றுதான் தட்டினார்கள். நாலைந்து செல்போன் உயர்ந்தது. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனேன்.

"நெஜம்தாங்க! உள்ள இருக்கறது என் தம்பி!"

"எந்தக் காலத்துல செத்த தம்பிங்க?" என்றான் ஒருவன். சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மா என் முதுகைத் தடவி, "பயப்படாதீங்க, எல்லாம் நடிப்புத்தான். நீங்க அப்பவே பயந்து கத்தினவங்க இல்ல?" என்றாள். நான் இன்னொரு தடவை கத்தினேன். அதற்கும் சிரிப்பு. ஆறு வருஷமாகப் பொய்க்குக் கத்திக் கத்தி, என் கத்தலில் ஒன்றுமே மிச்சமில்லாமல் போயிருந்தது.

அவசர உதவிக்குப் போன் போட்டேன். தெரு குறுகல், வண்டி சுங்கக் கட்டிடத்தோடு நின்றுவிடும், ஆள் நடந்து வர வேண்டும் என்றார்கள். பின்பக்கம் ஓடினால் நாலு நிமிஷம். ஓடிப்போய்த் தாழ்ப்பாளை என்ன செய்ய?

உள்ளே மறுபடியும் இரண்டு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. 

அப்போது அவள் கத்துவதை நிறுத்தினாள். சால்வையை உருவிக் கீழே போட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக டூப்பு மனிதரிடம் போய் நின்றாள். பேசியபோது வந்தது லாந்தர்க்காரியின் குரல் இல்லை. அது தட்டச்சுக்காரியின் குரல், பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காத பழைய குரல்.

"சார். நீங்க சொன்னது சரி. எல்லாம் டூப்பு. படிக்கட்டு டூப்பு, ஜன்னல் டூப்பு, இவங்க எங்க நாத்தனார், கத்தறதுக்கு வர்றாங்க. உள்ள ஆள் வெச்சிருக்கோம். அவர்தான் என் வீட்டுக்காரர். மேல இருந்து காரை விழுந்திருச்சு."

சால்வைக்கு அடியில் தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து, அன்று காலையில் துவைத்து மடித்த கழுத்துத் துணியையும் ரப்பர்ப் பந்தையும் எடுத்தாள். துணியில் துவைத்தும் போகாத பழுப்புக் கறை. "அவருக்குக் கழுத்துல ஓட்டை. அது வழியாத்தான் மூச்சு. இத நாடகத்துக்குக் கொண்டுவருவாங்களா, சார்?"

கூட்டம் அடங்கியது. செல்போன் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. அவர் துணியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பேய் இருக்கிறது என்று நம்பிய இருபத்தொரு பேருக்கு உள்ளே ஒரு மனிதன் இருப்பதை நம்ப முடியவில்லை. ஆள் இருக்கிறான் என்று சாயங்காலம் முழுக்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

"பூட்ட விடுங்க" என்றார். "கீல் பக்கம் வெளிச்சம் காட்டுங்க."

லாந்தரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு இரும்புக் கம்பை அவரிடம் நீட்டினாள். கீல்பட்டை பலமாகத்தான் இருந்தது. அதைப் பிடித்திருந்த நிலைக்கட்டை மழையில் ஊறி உளுத்துப் போயிருந்தது. கம்பைச் செருகி நெம்பினார். மரம் பிட்டுப் பிட்டாக வந்தது.

"நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்மா" என்றார், கையை நிறுத்தாமல். "மாட்டிக்கிட்டவன் தட்டறது எனக்குத் தெரியும். ரெண்டாவது தட்டுலயே என்னவோ மாதிரி இருந்துச்சு. டூப்புன்னு சொல்லிச் சொல்லி என் காதையே நான் நம்பல. ஏய், நின்னுக்கிட்டு இருக்கீங்களே, வந்து புடிங்கப்பா!"

அப்புறம் எல்லோரும் பாய்ந்தார்கள். "எந்தக் காலத்துல செத்த தம்பி" என்று கேட்டவன்தான் முதல் ஆள். மேல் கீல் கழன்றது. கீழ்க் கீல் வரவில்லை. பத்துக் கைகள் கதவைப் பிடித்து ஒரு பக்கமாக வளைத்தன, ஓர் ஆள் நுழைகிற இடுக்கு கிடைத்தது. யாரும் சொல்வதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே நான் லாந்தரோடு.

தம்பி கதவிலிருந்து இரண்டு முழத்தில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே ஓர் உத்தரக் கட்டை. தலை முதல் மார்பு வரை வெள்ளை. சுத்தியல் கையிலேயே இருந்தது. உதடு நீலமாகியிருந்தது. யாரோ பின்னாலேயே வந்து தண்ணீர்ப் பாட்டிலை அவன் வாயில் சாய்க்கப் போனார்கள்.

"தண்ணி வேணாம்!" என்று கத்தினேன். "வாயில ஒண்ணும் இல்ல, கழுத்துல!"

என் ஆயுளில் நான் கத்திய ஒரே உருப்படியான கத்தல் அதுதான். பாட்டில் விலகியது.

அவள் துணியை விலக்கினாள். ஓட்டையில் காரையும் சளியும் குழைந்து அடைத்திருந்தது. விரலால் வழித்தாள். ரப்பர்ப் பந்தால் ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை உறிஞ்சினாள். கட்டியாக ஏதோ வந்தது. அவன் மார்பு அசையவில்லை. அவள் குனிந்து, தன் வாயை அந்த ஓட்டையில் வைத்து ஊதினாள். மறுபடியும் ஊதினாள். நான் லாந்தரைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் பார்க்கப் பயந்து ஓடிய அதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை தடவை ஊதினாள் என்று தெரியாது. கடைசியில் அந்த ஓட்டையிலிருந்து ஒரு சீழ்க்கைச் சத்தம் வந்தது, பிறகு இருமல், அவள் முகமெல்லாம் வெள்ளைச் சேறு.

"போதும், வெளிய தூக்குங்க, மேல இன்னும் ஆடுது!" என்றார் லிஃப்ட்காரர். கட்டையை நாலு பேர் தூக்கினார்கள். தம்பியைத் தெருவுக்குக் கொண்டுவந்து பத்து மூச்சு ஆகியிருக்காது; மிச்சக் கூரையும் கிடங்குக்குள் இறங்கியது.

அப்புறம் நடந்ததெல்லாம் சாதாரணம். அதிகாரிகள் வந்து கிடங்கைச் சுற்றி வேலி போட்டார்கள். செல்போனில் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியது. எங்கள் குட்டு வெளிப்பட்டுவிட்டது. இனி யார் வரப் போகிறார்கள் என்று நான் புலம்பினேன். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். "இறங்கவும் தெரியணும்க்கா" என்றாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தம்பிக்கு நன்றாக நினைவு வந்தது. காலில் கட்டு, கழுத்தில் புதுத் துணி. சிலேட்டைக் கேட்டான். கூரை விழுந்த அன்று மத்தியானம் அவன் எழுதிக் காட்டியதையும் நான் சொன்ன பதிலையும் அதற்குள் அவளிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. அது நியாயம்தான்.

அவன் எழுதினான்: "ஏன் உள்ளே வந்தே? ரெண்டுதானே தட்டினேன்?"

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவன் அழித்துவிட்டு மறுபடி எழுதினான்.

"மிச்சமும் விழும்னு தெரியும். வராதேன்னு தட்டினேன்."

நாங்கள் இருவரும் அன்று அதை உதவிக்குக் கூப்பிடுவதாக நினைத்திருந்தோம். மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தவன் கடைசி வரைக்கும் வேண்டாம், வேண்டாம் என்றுதான் தட்டியிருக்கிறான். ஒரு தடவைகூட மூன்று தட்டவில்லை.

அவள் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஆறு வருஷமா நீங்க மூணு தட்டினா வந்தேன். ரெண்டு தட்டினா வராம இருந்துருவேன்னு நெனச்சீங்களா?"

அவன் சிலேட்டைக் கீழே வைத்தான். கையைத் தூக்கிக் கட்டில் கம்பியில் விரல் முட்டியால் தட்டினான்.

இரண்டு.